ஒரே நாள் புகை

பஸ் வரவில்லை. தையல்காரி நிறுத்தத்துச் சிமெண்டு பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த வசவையெல்லாம் மனதுக்குள் அந்தப் பஸ்ஸுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். கடைசியில் பெரிய சாலைப் பக்கமிருந்து வந்த பால்காரர்தான் வண்டியை நிறுத்தி, வாயில் கட்டியிருந்த துண்டை இறக்கினார்.

"பஸ் வராதும்மா. மேட்டுத்தெருக்காரங்களும் இன்னிக்கே வயலைக் கொளுத்திட்டாங்க. ரோடே தெரியல, டிரைவர் பாதியிலேயே திருப்பிட்டாரு."

"அவங்க அடுத்த வாரம்னு சொன்னாங்களே?"

"நீங்க எல்லாரும் ஒரே நாள்ல வைக்கிறீங்கன்னு கேள்விப்பட்டாங்களாம். நல்ல யோசனையா இருக்கேன்னு..." மிச்சத்தை இருமல் பிடுங்கிக்கொண்டது. வண்டியின் இரண்டு பக்கமும் பால் கேன்கள். ஏற்றிக்கொள்ள இடமில்லை என்பதை அவர் முகமே சொன்னது. தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார்.

நல்ல யோசனைதான், யார் இல்லை என்றார்கள்? அறுவடை இயந்திரம் வருஷா வருஷம் முழங்கால் உயரத்துக்கு நெல் தாளை விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த நடவுக்குள் வயலைத் துப்புரவாக்க வேண்டும். தீக்குச்சியைவிட மலிவான கூலியாள் உலகத்தில் உண்டா? ஆளுக்கொரு நாளாக வைத்து ஒரு மாதம் ஊரே புகையும். அந்த மாதம் முழுக்க அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். இந்த முறை நெல் எடைபோடும் கொட்டகையில் ஊர் கூடியபோது அவள் புருஷன் பேச எழுந்தான். அவனுக்குப் பட்டப்பெயரே ரேடியோ. வாயைத் திறந்தால் மூடமாட்டான். அன்றைக்கு மட்டும், "அவளால மூச்சு விட முடியல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டானாம். ஊர் உருகிப்போனது. எல்லோரும் ஒரே நாளில் கொளுத்திவிடுவது, அன்றைக்கு அவள் காலை பஸ்ஸில் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது, பஸ் போன பிறகே முதல் குச்சியை உரசுவது என்று முடிவானது. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குச் சீருடை தைத்தவள் ஆயிற்றே! கோபப்படக்கூட அவளுக்கு வழி வைக்காத நல்லவர்கள்.

ஆனால் பஸ் போயிற்றா என்று எவனும் எட்டிப் பார்க்கவில்லை. பஸ் நேரம் தாண்டியதும் கிழக்கே ஒரு புகை எழுந்தது. பிறகு தெற்கே. அவள் ரேடியோவுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காலையில் அவளை வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது, "நீ போ, திரும்பி வர்றப்ப வீட்டுக்குள்ள பொட்டுப் புகை இருக்காது பாரு," என்று வீறாப்புப் பேசியவன்! சாலையிலும் புகை, தெருவிலும் புகை. மிச்சமிருந்தது வீட்டுக்குப் போகும் குறுக்கு வரப்பு ஒன்றுதான். இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். யானைப் பசிக்குச் சோளப்பொரி. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

வீட்டைப் பார்த்ததும் திக்கென்றது. எல்லா ஜன்னலுக்கும் வெளிப்பக்கமாகப் பிளாஸ்டிக் ஷீட் வைத்துச் சட்டம் போட்டு ஆணி அடித்திருந்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணியைத் திணித்தாள். அலமாரியில் அவன் போன் சார்ஜில் கிடந்தது, அவள் கூப்பிட்டதையெல்லாம் காட்டிக்கொண்டு. அவன் பின்பக்கத்து வயலில்தான் இருப்பான் என்று பின்கதவைத் தள்ளினாள். அசையவில்லை. அதற்கும் குறுக்கே சட்டம். எல்லாம் அவளுக்காகத்தான், பாவி மனுஷன். அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கன்னத்தில் அறையவும் தோன்றியது.

முன்பக்கப் புகை அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது. அதில் இறங்கி வீட்டைச் சுற்றி அவனிடம் போகலாம் என்று கதவைத் திறந்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் மூச்சு முடிச்சுப் போட்டுக்கொண்டது. மறுபடி உள்ளே வந்து விழுந்தாள்.

இனி மிச்சம் வீட்டுக்குப் பின்னால் ஒட்டிய அவர்கள் வயல் மட்டும்தான். "நம்மளது கடைசி. காத்து பாத்துத்தான் வைப்பேன்" என்று அவன் சொல்லியிருந்தான். அதுவும் பிடித்துக்கொண்டால் இந்த வீட்டில் சுவாசிக்க ஒன்றும் இருக்காது. தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில், ஷீட்டுக்கு அந்தப்புறம், ஓர் உருவம் குனிந்து நிமிர்ந்தது. அவன்தான். பாட்டு வேறு.

"ஏங்க..." என்றாள். குரல் வரவில்லை, விசில்தான் வந்தது. கம்பியைத் தட்டினாள். சுற்றிலும் தாள் வெடித்து எரிகிற சத்தத்தில் அது எங்கே கேட்கும்? மெஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். கம்பிக்கு நடுவே கையை விட்டு, அவன் பார்த்துப் பார்த்து இழுத்து அடித்த ஷீட்டை மேலிருந்து கீழாகக் கிழித்தாள். புகை முகத்தில் அடித்தது. பித்தான் வைக்காத ஒரு பள்ளிச் சட்டையை எடுத்து வெளியே நீட்டி ஆட்டினாள். சட்டையின் வெள்ளைக் கை மேலும் கீழும் ஆடியது.

அவன் வயலின் நடுவில் நின்றிருந்தான், முறுக்கிப் பற்றவைத்த வைக்கோல் பிரி கையில். பாட்டு பாதியில் நின்றது. சட்டையைப் பார்த்தான், பிறகு கம்பிக்குப் பின்னால் இருந்த முகத்தைப் பார்த்தான்.

"நீயா? பஸ்ஸு..."

நெருப்பு பிரியில் அவன் விரலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. கீழே போட்டு மிதிக்கக் காலடியைப் பார்த்தான், காய்ந்த தாள். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். வரப்பு வரைக்கும் முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த தாள். கையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் அப்படியே நின்றான்.