மலைக்குக் கொடுத்த கருவி

கமாலுதீனின் கடைக்கு மலையேறுகிறவர்கள் வருவது அபூர்வம். மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கு மண்டிகளுக்கு நடுவே இருபத்தாறு வருஷமாக அவர் விற்பதெல்லாம் மீன்பிடிப் படகுகளுக்கு வேண்டிய சாமான்கள்தான். வயர்லெஸ், ஆழம் பார்க்கும் கருவி, கையில் பிடிக்கிற ஜிபிஎஸ். அதனால் போன ஜூனில் ஜிபிஎஸ் வாங்க வந்த நீலகண்டனை அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. களமசேரி பல்கலைக்கழகத்தில் தாவரவியல் ஆசிரியர், பாலக்காட்டுத் தமிழர். தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருவரும் சாயா குடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்கள்.

ஜூலையில் அவர் படம் பத்திரிகையில் வந்தது. மூணாறுக்கு அப்பால் சோலைக்காட்டில் செடிகளைக் கணக்கெடுக்கப் போனவர், மூடுபனியில் முகாமுக்குத் திரும்பும்போது பாறைச்சரிவில் விழுந்து இறந்துபோனார் என்று போட்டிருந்தது. கமாலுதீன் அந்தப் பத்திரிகையை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. மனைவி ரபியாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் மாதம் ஒரு காலையில், முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். பையிலிருந்து ஒரு ஜிபிஎஸ்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தாள். திரை குறுக்கே கீறியிருந்தது.

"நான் ஸாதனா. நீலகண்டனோட தங்கை. பெட்டியில உங்க கடை ஸ்டிக்கர் இருந்தது, அதான் வந்தேன்."

கமாலுதீன் எழுந்து நின்றார். நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவளும் அதே துறைக்காரிதான். அண்ணன் பாதியில் விட்ட கணக்கெடுப்பை முடிக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். "ஜனவரியில போறோம். நாலு பேர். நாலு பேர் கையிலயும் ஒண்ணு இருக்கணும்" என்றாள்.

கமாலுதீன் இரண்டு மாடல்களை எடுத்து வைத்தார். ஒன்று சின்னத் திரை, எல்லாவற்றுக்கும் பொத்தான், இரண்டு பென்சில் பேட்டரி. இன்னொன்று பெரிய தொடுதிரை, உள்ளேயே பேட்டரி. இந்தியா முழுவதற்குமான மலை வரைபடத்தோடு வருவது.

"சாட்டிலைட் வழியா செய்தி அனுப்பற மாடல் இருக்குன்னு எல்லாரும் சொல்றாளே?"

"இருக்கு. அதைத் தனி அனுமதி இல்லாம நம்ம நாட்டுல வச்சுக்கக் கூடாது. அந்த எண்ணத்தை விட்டுடுங்க."

வரைபடங்களைப் பற்றிக் கேட்டாள். கம்பெனி விற்கும் வரைபடம் ஒன்று, ஊர் பேர் தெரியாத ஆர்வலர்கள் சேர்ந்து வரைந்து இலவசமாகக் கொடுப்பது ஒன்று. இலவச வரைபடத்தில் ஒற்றையடிப் பாதைகள் அதிகம் இருக்கும், ஆனால் யாரும் போகாத காட்டில் அதுவும் வெறுமைதான் என்றார் கமாலுதீன். மேடு பள்ளத்தைக் காட்டும் உயரக் கோடுகள் இரண்டிலும் உண்டு. அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று நெருங்கி ஓடும் இடம் செங்குத்து, விலகி ஓடும் இடம் சமதளம். ஜூலைக்குப் பிறகு அவர் தேடித் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

ஸாதனா கீறல் விழுந்த கருவியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "இதுல ஒரு கோடும் இல்லை. வெள்ளைத் திரையில ஒரு அம்பு மட்டும்தான். அண்ணா எதையும் யோசிக்காம வாங்கமாட்டான். இதை மட்டும் ஏன் இப்படி விட்டான்? அம்மா தினம் இதையேதான் கேட்டுண்டிருக்கா." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "மேப் போட்டுக்கலாம்னு நீங்க அவன்கிட்ட சொன்னேளா?"

"சொன்னேன் மோளே" என்றார் கமாலுதீன். "அவர்தான் வேண்டாம்னுட்டார்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். யோசித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

நடந்தது அதுவல்ல. மலை வரைபடம் வேண்டுமா என்று கேட்டது நீலகண்டன்தான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டார். "எதுக்கு சார்? போற இடத்தைக் குறிச்சு வச்சா அம்பு காட்டும், நேரா போய்ச் சேரலாம். எங்க ஆளுங்க முப்பது மைல் கடல்ல அப்படித்தான் போயிட்டு வராங்க" என்று சொன்னது கமாலுதீன். அவர் ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. அந்தக் கருவியோடு அவர் ஒரு குன்றுகூட ஏறியதில்லை, அவ்வளவுதான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

பள்ளுருத்தி வீட்டில் அன்று சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடவில்லை. கப்பைக் கிழங்கும் மீனும் ஆறிக்கொண்டிருந்தன. ரபியா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"கடையில என்ன நடந்துச்சு?"

அவர் ஜூனிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். 

"தெரியாம சொன்னது ஒரு தப்பு. அதுக்கு அல்லாஹ்கிட்ட கேட்டுக்கலாம். இன்னிக்குச் சொன்னது வேற. மவுத்தானவர் தலையில போட்டுட்டீங்க. இல்லைன்னு சொல்ல அவரால வர முடியுமா?"

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. படகு ஏறி எர்ணாகுளம் போய், அங்கிருந்து களமசேரிக்குப் பஸ் பிடித்தார். விசாரித்து விசாரித்து அவர் ஸாதனாவின் அறையைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று. மேஜை முழுக்க உலர்ந்த இலைகளைப் பரப்பி வைத்திருந்தாள்.

"உட்காருங்கோ இக்கா."

"நின்னுட்டே சொல்லிடறேன்" என்றார். நேற்று சொன்னது பொய் என்றும், உங்கள் அண்ணன் இரண்டு தடவை கேட்டார், நான்தான் தேவையில்லை என்றேன் என்றும் சொன்னார். கடலையும் படகுக்காரர்களையும் பற்றித் தான் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னார்.

ஸாதனா இலைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

"நேத்தி ராத்திரி அம்மாகிட்ட சொல்லிட்டேன், அவனே வேண்டாம்னுட்டானாம்னு. அம்மா அழலை. 'இப்படி அலட்சியமா இருந்துட்டானே'ன்னு திட்டினா. செத்துப்போன பிள்ளையைத் திட்டினா."



அவள் போனை எடுத்துப் பாலக்காட்டுக்கு அழைத்தாள். "அம்மா, கடைக்காரர் இங்கே இருக்கார். உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்று அவரிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிக்கொண்டார்.  ஸாதனாவிடம் சொன்னதையே அவள் அம்மா நீலாம்பாளிடமும் சொன்னார்.  இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தார்.

"அவன் கேட்டானா?" என்றது குரல்.

"கேட்டார் அம்மா. ரெண்டு தடவை கேட்டார்."

"சரி" என்றாள் நீலாம்பாள். மூச்சு வாங்குவது கேட்டது. "இதை எனக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருக்கலாம்." போனை வைத்துவிட்டாள்.

ஸாதனா போனை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். "டிசம்பர்ல முகாம் இடம் பார்க்க ஒரு நாள் மேலே போறேன். அந்த ரெண்டு மாடலையும் எடுத்துண்டு நீங்க வரணும். கடையில உட்கார்ந்து இனிமே நான் எதையும் வாங்கமாட்டேன்."

வருகிறேன் என்றார் கமாலுதீன்.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில், வனத்துறை அனுமதியோடு, அப்பு என்ற காவலர் முன்னே நடக்க, மூவரும் ஏறினார்கள். ஐம்பத்திரண்டு வயதில் கமாலுதீனுக்கு அதுதான் முதல் மலை. பத்தடிக்கு ஒரு தரம் நின்றார். மூங்கில் கழி ஒன்றை வெட்டி அப்பு அவர் கையில் கொடுத்தான். சோலைக்குள் நுழைந்ததும் குளிர் விரல்களைப் பிடித்தது, இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெரிய தொடுதிரை நனைந்து, யாரும் தொடாமலே பக்கம் பக்கமாக மாறியது. கையுறை போட்ட விரலால் தொட்டால் அசையவில்லை. பொத்தான் வைத்த சின்னக் கருவி உறையோடும் வேலை செய்தது. ஸாதனா எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள்.

மதியம் ஓர் இடத்தில் அப்பு நின்றான். "இவிடெயாணு" என்றான்.

நீலகண்டன் விழுந்த இடம் அது. ஸாதனா அதை ஏற்கெனவே அறிந்திருந்தாள் போலும், கொஞ்சம் தள்ளியே நின்றாள். நீலகண்டனின் பழைய முகாமின் புள்ளி சின்னக் கருவியில் இருந்தது. கமாலுதீன் முதலில் வரைபடத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார். வெள்ளைத் திரை, அம்பு, முந்நூற்று நாற்பது மீட்டர். ஐந்து நிமிஷ நடை என்றுதான் எவனும் நினைப்பான். பிறகு வரைபடத்தைப் போட்டார். அம்பு காட்டிய திசையில் பழுப்புக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே பட்டையாகத் தெரிந்தன. அவர் நிமிர்ந்தார். பத்தடி தூரத்தில் புல் முடிந்தது. அதற்குப் பிறகு பனி மட்டும்தான். எங்கோ ஆழத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அவர் கழியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். உதடுகள் அசைந்தன. ஓதி முடிக்கும்வரை ஸாதனா காத்திருந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு என்னால இப்போ சொல்ல முடியலை" என்றாள்.

"அதைக் கேக்க நான் வரலை மோளே."

அவள் பக்கத்தில் வந்து சின்னக் கருவியை வாங்கித் திரையை நெடுநேரம் பார்த்தாள். "இதுவே போதும். நாலு. கம்பெனி மேப், இலவச மேப், ரெண்டையும் போட்டுக் கொடுங்கோ. கோட்டை எப்படிப் படிக்கறதுன்னு மத்த மூணு பேருக்கும் நீங்களே வந்து சொல்லித் தரணும்."

அவர் இரண்டு சனிக்கிழமைகள் களமசேரிக்குப் போய் வந்தார். ஜனவரி நான்காம் தேதி நால்வரும் மலையேறினார்கள். மேலே போனில் சிக்னல் கிடையாது. அந்த நாட்களில் கமாலுதீன் கடையில் உட்கார்ந்தார், பில் போட்டார், கேட்டதற்குப் பதில் சொன்னார். காலையில் மட்டும், பத்திரிகை வந்ததும், ரபியா முதலில் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவரிடம் கொடுத்தாள்.

பன்னிரண்டாவது நாள் மத்தியானம் ஸாதனாவிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது: 'இறங்கியாச்சு. நாலு பேரும். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன்.'

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு வாசலில் காத்துக்கொண்டிருந்த படகுக்காரரிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ரபியாவுக்குப் போன் போட்டார்.