குதிரை ஏறாத எசென்கூல்

கிர்கிஸ்தானின் டோக்மோக் நகர மாவு மில்லில் ஏணி முறிந்து விழுந்ததில் எசென்கூலுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. மேலாளர் ஆஸ்பத்திரிக்கே வந்து ஒரு தாளை நீட்டினார். ஊருக்கெல்லாம் சட்டம் பேசுகிற எசென்கூல், அதைப் படிக்காமலேயே இடது கையால் கையெழுத்துப் போட்டான். மாதம் முடிந்ததும் விடுப்புச் சம்பளம் இல்லை என்றது மில்.

இலவச சட்ட உதவி மையத்தில் வக்கீல் நூர்சதா அந்தத் தாளைப் படித்தாள். “அண்ணே, நீங்க வீட்டுல சொந்தக் குதிரை மேலருந்து விழுந்தீங்களாமே?”

“குதிரையா? குதிரைன்னாலே எனக்குத் தொடை நடுங்கும்மா!”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். நடக்கும் முன்பே குதிரை ஏறப் பழகுகிற கிர்கிஸ் ஆம்பளை வாய்விட்டுச் சொல்கிற விஷயமா இது?

“அதையும் புகார்ல எழுதுங்க. கையெழுத்துப் போட்டதால உங்க உரிமை போயிடாது. வேலையில அடிபட்டா விசாரிச்சுப் பதிய வேண்டியது முதலாளியோட கடமை. விழுந்ததைப் பாத்தவங்க இருக்காங்களா?”

உடன் வேலை செய்யும் சபீர் சாட்சிக்கு வந்தான். ஏணி முறிந்ததை விசாரிக்க வந்த தொழிலாளர் துறை ஆய்வாளரிடம் சொன்னவன் அதோடு நிறுத்தவில்லை. “ஐயா, இவன் கல்யாணத்துல குதிரை கனைச்சதுக்கே மாமியார் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சவன்யா!”

“இதெல்லாம் எழுதணுமாம்மா?” என்று முனகினான் எசென்கூல்.

“இதை விட்டுடவே கூடாதுண்ணே,” என்றாள் நூர்சதா.

அது வேலையிடத்து விபத்துதான் என்று பதிவானது. சம்பளமும் மருத்துவச் செலவும் கிடைத்தன. அறிக்கையின் நகலை அவன் மனைவி விருந்தாளிகளுக்கெல்லாம் வாசித்துக் காட்டினாள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்த எசென்கூல்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.