பதினேழாம் எண் மாதிரி

இன்று காலை பத்து மணி முதல் நான் பதினேழாம் எண் மாதிரி.

எங்கள் சோதனைக் கூடத்தில், அணு இணைவு உலையின் உட்சுவருக்கான உலோகங்களை ஆயிரம் டிகிரி நீராவியில் ஒரு மணி நேரம் வைப்போம். முன்னும் பின்னும் எடை பார்ப்போம். எடை குறைந்தால், உலோகம் ஆவியோடு போய்விட்டது என்று அர்த்தம். அந்த மாதிரியைக் கண்ணாடிக் குடுவையில் போட்டு மூடிவிடுவோம்.

பதிவேட்டில் தவறு என்னுடையதுதான். 'மாதிரி' என்ற கட்டத்தில் என் பெயர். 'சோதிப்பவர்' என்ற கட்டத்தில், சோதிக்க வேண்டிய உலோகமான டங்ஸ்டன்.

"ஒரு கோடு போட்டுத் திருத்திடுறேன் மேடம்" என்றேன்.

"திருத்தத்துக்குச் சோதிப்பவர் கையெழுத்து வேணுமே, தணிகாசலம்" என்றார் பொறுப்பாளர் பொற்கொடி.

சோதிப்பவர் என் நாற்காலியில் இருந்தது. கட்டைவிரல் நகமளவு. என் மூக்குக்கண்ணாடியை அணிந்திருந்தது. கையெழுத்துப் போடவில்லை.

"எடை மாறலைன்னா நாற்காலி உங்களுக்கு. குறைஞ்சா கண்ணாடிக் குடுவைதான்" என்றார் மேடம்.

என் உதவியாளர் இருதயராஜ் என்னைத் தராசில் ஏற்றினார். அறுபத்தெட்டு கிலோ.

"மூச்சை விடாதீங்க சார். அதுவும் கணக்குதான்."

சோதனை உலையின் குழாய் ஒரு முழ நீளம்தான். அரைமணி நேரம் நடந்தும் நடுப்பகுதி வரவில்லை. பிறகு நீராவி வந்தது. அதிலிருந்து ஆக்சிஜனை நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை. மிஞ்சிய ஹைட்ரஜன் என்னைத் தாண்டி வெளியே போனது. நகங்கள் மஞ்சளாயின. மஞ்சள் புகையாகிக் கிளம்பியது. இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தேன். நிற்கவில்லை.

வெளியே வந்ததும் மறுபடி தராசு.

"நாலு கிராம் கம்மி" என்றார் இருதயராஜ்.

"நாலு கிராம்தானே?"

"போன வாரம் ஒரு கிராம் குறைஞ்ச தகட்டையே நீங்க சும்மா விடலையே சார்."

உண்மைதான். குடுவைக்குள் உட்கார்ந்தேன். மாலை ஆறு மணிக்கு, மூடும் முன், வீட்டுக்கு ஒரு போன் பேச அனுமதித்தார்கள். என் மனைவி சுகந்தி எடுத்தாள்.

"சுகந்தி, நான் வர லேட்டாகும்."

"அவர் அஞ்சு மணிக்கே வந்துட்டாரே. சாப்பிட்டுட்டு இருக்காரு. கொஞ்சம் கனமா இருக்காரு, நாற்காலி உடைஞ்சுது. பரவாயில்ல, இன்னிக்குத்தான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்காரு. நீங்க யாரு பேசுறது?"

கழுத்தில் தொங்கிய மாதிரி எண் சீட்டைப் பார்த்தேன்.

"பதினேழு" என்றேன்.

இருதயராஜ் மூடியைத் திருகினார்.