கஞ்சியில் கரைத்த மருந்து

சீனிச்சாமிக்குக் கடைவாய்ப் பல் வீங்கியபோது, சின்னமனூர் டாக்டர் கொடுத்த கேப்சூல் இரண்டே நாளில் வீக்கத்தை வடிய வைத்தது. அன்றிலிருந்து அவன் மனைவி பஞ்சம்மாளுக்கு அந்தக் கேப்சூல்தான் சாமி. ஆனால் கூடவே அவனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. "இந்தக் கருமந்தான் வயித்தக் கெடுக்குது" என்று அவன் நிறுத்திவிட்டான். மருந்துக்கடைக்காரரோ, பாதியில் விட்டால் நோய் திரும்பிவிடும் என்று அவளிடம் சொல்லியிருந்தார். இவன் பேச்சைக் கேட்டால் ஆகாது என்று, கேப்சூலைப் பிரித்துப் பொடியைக் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தாள். தீர்ந்ததும் வெற்று அட்டையைக் காட்டி மறுபடி வாங்கி வந்தாள். கஞ்சி கசக்கிறது என்றவனிடம், நோயாளி நாக்கு அப்படித்தான் என்று வாயை அடைத்தாள். கெட்டிக்காரிதான், என்ன செய்ய!

வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. போதாக்குறைக்கு இடது முழங்கால் பூசணிக்காயாய் வீங்கியது. மேகமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன் கிளட்சை எதை வைத்து மிதிப்பான்? முதலாளி வேறு டிரைவரை விசாரிக்கிறார் என்று காதில் விழுந்ததும், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். அவள் அவனைத் தேனிக்குக் கூட்டிப் போனாள்.

தேனிப் பெரிய டாக்டர் முழங்காலில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார். சீழ் இல்லை.

"சில கேப்சூல் குடலைப் புண்ணாக்கிரும். அபூர்வமா அதுலயே மூட்டும் வீங்கும். ஆனா நீங்கதான் எப்பவோ நிப்பாட்டிட்டீகளே?"

"கையால தொடல சார்" என்றான் சீனிச்சாமி.

"அப்ப இது வேற என்னமோ. மதுரைக்குப் போங்க. மூட்டைத் திறந்து பாக்க வேண்டி வரும்."

சொன்னால் இந்த மனுஷன் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் காலை அறுப்பார்கள். பஞ்சம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"நான் கஞ்சியில கலந்து குடுத்தேன் சார். நேத்து வரைக்கும்."

டாக்டர் அவளைத் திட்டவில்லை. "இன்னையோட நிப்பாட்டுங்க. மதுரை இப்ப வேணாம். குடல் ஆறினா காலும் வடியும்" என்று வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் சீனிச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். நாலு வார்த்தை வைதிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு. வீட்டுக்கு வந்ததும் கஞ்சிப் பானையையும் கரண்டியையும் அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நீங்களே ஊத்திக்கங்க."

அவன் பானையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஏன், உன் கைக்கு என்ன வந்துச்சு?" என்று கஞ்சி குடிக்கிற கும்பாவை நீட்டினான்.

ஊற்றும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.