தண்ணீருக்குப் பின்னால் நடந்தவர்கள்

ஹாஜிரா பீ வீட்டு வாசலில் மண் வண்டியை நிறுத்தி மாடுகளை அவிழ்த்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கிணற்றை மூட வேண்டும், மண்ணோடு வா என்று ஆள் சொல்லியனுப்பியிருந்தார்கள். மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தெருக்கள் போட்டார்களே, அந்தத் தெருக்களில் ஒன்றில் இருந்தது அந்த வீடு. சுண்ணாம்பு வாசனைகூட இன்னும் போகவில்லை. கட்டி ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் கிணற்றை மூடுகிறார்களாம், இருக்கிறவர்களுக்குத் தோண்டுவதும் பொழுதுபோக்கு மூடுவதும் பொழுதுபோக்கு என்று முணுமுணுத்துக்கொண்டேன். முணுமுணுக்காமல் எனக்கு ஒரு கூடை மண் அள்ள வராது. தங்கவேல் வண்டி வருவதற்கு முன்னால் அவன் புலம்பல் வரும் என்று சைதாப்பேட்டையில் சொல்வார்கள். அன்றைக்குப் புலம்ப வேறு காரணமும் இருந்தது. பிறந்த குழந்தை வீட்டில் கண் திறக்காமல் கிடந்தது.

ஹாஜிரா பீ திருவல்லிக்கேணியிலிருந்து குடிவந்த விதவை. கதவுக்குப் பின்னால் முக்காட்டோடு நின்று பேசினார்.

"கெணத்துக்கு இன்னா கொற பீபிம்மா?"

"கற்கண்டு கணக்கா இருந்த தண்ணிப்பா. போன வெள்ளிக்கெழம, விடியக்காலம் சுபூ தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்ய ஒரு வாளி எறைச்சேன். வாயில வெச்சா சமுத்திரம்! சரி, உப்புன்னா உப்புன்னு வுட்டுடலாம். உள்ள பேச்சுச் சத்தம் கேக்குது. கல்யாண வூட்டுக்குப் பக்கத்து வூட்டுல படுத்திருந்தா கேக்குமே, அந்த மாதிரி. ஜின்னு வந்து எறங்கியிருக்குன்னு சொல்றாங்க. நான் தனியா இருக்கறவ, யா அல்லா, மூடிடுப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. கடல் எங்கே, மாம்பலம் எங்கே. தனியாக இருக்கிற பயத்தில் ஏதோ கற்பனை என்று நினைத்து, கூடையைத் தோளில் வைத்துக்கொண்டே இன்னொரு கையால் வாளியை விட்டு இழுத்தேன். ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினேன். உப்பு. கிணற்று உப்பு இல்லை, அலை முகத்தில் அடித்தால் வருமே, அந்த உப்பு. கைப்பிடிச் சுவரில் குனிந்தேன். சத்தம் கேட்டது. நிறையப் பேர் ஒரே நேரத்தில் தணிந்த குரலில் பேசுகிறார்கள், ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். என் மாமியார் கங்கம்மா என்னைத் திட்டத் தொடங்குமுன் அப்படித்தான் செருமுவாள். மாமியாரின் செருமலை எந்த மருமகனும் மறக்கமாட்டான். கூடை என் தோளிலிருந்து விழுந்து உருண்டது.

கங்கம்மா கடலுக்குள் நடந்துபோய் ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது.

என் பெண்டாட்டி தேவானை மடுவர் கூட்டம். அந்தப் பெயரை இன்றைக்குச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஏரி இருந்த காலத்தில் கரை முழுக்க அவர்கள் குடிசைதான். ஆதியில் எங்கோ மேற்கே மலையிலிருந்து ஒரு தண்ணீர் இறங்கி நடந்ததாம், அதன் பின்னால் பானை சட்டியோடு இவர்களும் நடந்தார்களாம். அது ராத்திரி நின்ற இடத்தில் இவர்களும் படுத்தார்கள், விடிந்து அது எழுந்தால் இவர்களும் எழுந்தார்கள். மாம்பலத்துக்கு வந்து தண்ணீர் உட்கார்ந்துவிட்டது, இவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு இடுகாடு கிடையாது, சுடுகாடு கிடையாது. செத்தவர்களைக் காலையில் ஏரியில் படுக்கவைப்பார்கள், சாயங்காலம் போய்ப் பார்த்தால் எலும்பு இருக்காது, துணி இருக்காது, கரையில் தண்ணீர் கொஞ்சம் ஏறியிருக்கும். தாது வருஷப் பஞ்சத்தில் ஊரெல்லாம் வறண்டு வெடித்துக் கிடந்தபோது, ஒரு பொட்டு மழையில்லாமல், அந்த ஏரி மட்டும் கரை தளும்பி நின்றதாம். அந்த வருஷம் அவ்வளவு பேர் செத்திருக்கிறார்கள். இதைத் தேவானை சாதாரணமாகச் சோறு கிளறிக்கொண்டே சொன்னாள். நான்தான் பிசைந்த கையோடு உட்கார்ந்திருந்தேன்.

முதன்முதலில் அவளைப் பார்த்ததும் கரையில்தான். குடத்தை வைத்துக்கொண்டு, "மொள்றேன், நவுருங்க" என்று தண்ணீரிடம் சொன்னாள்.

"தண்ணிகிட்ட இன்னா பேச்சு?" என்றேன் வண்டியிலிருந்து.

"எங்க தாத்தாகிட்டப் பேசறேன். ஒனுக்கு இன்னா வந்துச்சு? மாட்டப் பாத்து ஓட்டு."

திரும்பிப் பார்த்தால் மாடு நிஜமாகவே பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தை மாதம் கல்யாணம்.

ஏரியை உடைத்த நாளில் தேவானை கரையில் இல்லை. என் அக்காள் மகள் வளைகாப்புக்குத் திருவல்லிக்கேணிக்குக் கூட்டிப்போயிருந்தேன். அவள் தம்பி அங்கமுத்து கள்ளுக்கடையில் மட்டையாகிக் கிடந்தான். மற்ற எல்லோரும் இருந்தார்கள். தெருப் போட வந்தவர்கள் கரையை வெட்டினார்கள், தண்ணீர் எழுந்து நடந்தது. மடுவர் வேறென்ன செய்வார்கள்? ஆதியிலிருந்து செய்ததையே செய்தார்கள். கொதிக்கிற உலையை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆட்டையும் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். சைதாப்பேட்டை தாண்டி, அடையாற்றோடு, பாலத்துக்கு அடியில் புகுந்து, முகத்துவாரம் வரைக்கும். எங்கேயாவது அது உட்காரும் என்று நம்பினார்கள், அது எப்போதும் உட்கார்ந்திருக்கிறது. கடல் என்று ஒன்று இருப்பது தெரியும், ஆனால் கடலுக்குள் போன தண்ணீர் நிற்காது என்று அவர்களுக்கு யார் சொல்வது? முகத்துவாரத்தில் மீன் விற்கும் குப்பம்மா பார்த்திருக்கிறாள். "நில்லுங்க, உப்புத்தண்ணின்னு தொண்டை கிழியக் கத்தினேன் நைனா. சிரிச்சிக்கினே போறாங்க. ஊர்கோலம் போறாப்புல போறாங்க" என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதாள்.

அன்று மாலை தேவானை மணல்மேட்டிலிருந்து இறங்கிக் கடலை ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். துப்பினாள். "இது எங்க ஆளுங்க இல்ல" என்றாள். அன்றிலிருந்து உப்பைத் தொட்டதில்லை. எனக்கு உப்புப் போட்டு ஆக்குவாள், தனக்கு எடுத்துவைத்த பிறகு. நான் அதே ஏரியைத் தூர்க்க மண் அடித்தேன். ஊரில் வேறு வேலை இல்லை. அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது இவ்வளவு வருஷம் கழித்து, போன வெள்ளிக்கிழமை விடியலில், பெண் குழந்தை. மடுவர் பிள்ளை மூடிய கண்ணோடுதான் பிறக்கும். தாய் தூக்கிப்போய்த் தண்ணீருக்கு முகம் காட்டுவாள், தண்ணீர் பார்க்கும், பிள்ளை கண் திறக்கும். அமாவாசைக்குள் காட்டாவிட்டால் இமை ஒட்டிப்போகும், பிறகு ஆயுசுக்கும் திறக்காது. டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்துக் கண்ணில் குறையில்லை என்றுதான் சொன்னார். அங்கமுத்து குழந்தையை ஆற்றில் காட்டினான், மயிலாப்பூர்க் குளத்தில் காட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு அமாவாசை. வீட்டில் அழுகையைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் வண்டியைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன்.

ஹாஜிரா பீயிடம், "பீபிம்மா, மூட வாணாம். ஒங்க காலப் புடிக்கிறேன், நான் வர்ற வரைக்கும் யாரையும் ஒரு கல்லுகூடப் போட வுடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினேன். வயசுக்கு மீறிய ஓட்டம்.

தேவானை குழந்தையை மடியில் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை. "அவங்க கடலோட போய்ட்டாங்க. நீ வேற வவுத்தெரிச்சலக் கெளப்பாத."

"கெணத்துத் தண்ணி உப்புக் கரிக்குதுடி."

"கரிக்கட்டும்."

"வெள்ளிக்கெழமலேர்ந்து கரிக்குது. ஒங்க அம்மா செருமுது உள்ள."

அங்கமுத்துதான் முதலில் எழுந்தான். பிறகு தேவானை பச்சை உடம்போடு, செருப்பில்லாமல், எனக்கு முன்னால் நடந்தாள்.

ஹாஜிரா பீ கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தார். யார், என்ன சாதி என்று கேட்கவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு விலகி வழிவிட்டார். அங்கமுத்து வாளியை இழுத்துக் கொடுத்தான். தேவானை ஒரு கை அள்ளினாள். இவ்வளவு வருஷம் உப்பைத் தொடாத வாய். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். அப்படியே கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பூமிக்கு அடியிலயே நடந்து வந்துகீறாங்கய்யா. புள்ள பொறந்தது தெரிஞ்சி வந்துகீறாங்க."

எழுந்து குழந்தையை இரண்டு கையிலும் ஏந்திக் கிணற்றுக்கு மேலே நீட்டினாள். "நான் தேவானை, கங்கம்மா மவ. இது என் வயித்துல பொறந்தது. பாத்துக்குங்க" என்றாள். அவ்வளவுதான் மந்திரம்.

பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு தண்ணீர் ஏறியது. படியேறி வருகிறவர்கள் மாதிரி, கொஞ்சம் ஏறி, நின்று மூச்சு வாங்கி, மறுபடி ஏறியது. கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்து, அதற்கும் மேலே சிந்தாமல் எழும்பி நின்றது. அதில் முகங்களைப் பார்த்தேன். கங்கம்மாவைப் பார்த்தேன். எனக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று சண்டை போட்ட மாமனார்க் கிழவனைப் பார்த்தேன். அவர்களுக்குப் பின்னால் எனக்குத் தெரியாத முகங்கள், பஞ்சத்தில் ஒட்டிய கன்னங்கள், அதற்கும் பின்னால் இன்னும், இன்னும். ஒரு கிணற்றில் அத்தனை பேரா! மலையிலிருந்து இறங்கிய முதல் ஆள்கூட அங்கே எக்கிக்கொண்டு நின்றிருப்பான். நான் பத்து விரலையும் குவித்துக் கும்பிட்டேன். அப்போது ஒரு கை தண்ணீர் மட்டும் தனியாக எழும்பி அங்கமுத்து கன்னத்தில் பளாரென்று விழுந்தது.

"அம்மா அறைஞ்சிட்ச்சி மாமா" என்றான். சிரித்தானா அழுதானா தெரியவில்லை.

குழந்தை கண் திறந்தது. இமைகள் மெதுவாகப் பிரிந்தன, உள்ளே கருமணி பளபளவென்று இருந்தது. யாரோ ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைப்பதுபோல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. ஹாஜிரா பீ முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

சந்தோஷப்பட்டு முடிவதற்குள் தண்ணீர் வழிந்தது. சுவரைத் தாண்டி இறங்கி, முற்றத்தைக் கடந்து, வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. தேவானை குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அதன் பின்னால் நடந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. தெருக்கோடியிலிருந்து ஆற்றுக்கு இறக்கம். ஆறு போகிற இடம் எனக்குத் தெரியும். ஓடிப்போய்க் குறுக்கே நின்று அவள் முந்தானையைப் பிடித்தேன்.

"வாணாம்டி தேவானை. பெத்து ஒரு பக்ஷம்கூட ஆவல. அதுங்க பின்னால போவாத. நான் இன்னா பண்ணுவேன்?"

"வுடுய்யா. தண்ணி போவுது."

"என்னையும் வுட்டுட்டுப் போயிடுவியா?"

நான் முந்தானையை விடவில்லை. தண்ணீர் என் மண் வண்டியின் சக்கரத்தைத் தொட்டது. அங்கே நின்றது. இடப்பக்கம் கொஞ்சம் போனது, வீடு. வலப்பக்கம் போனது, மதில். ஏரி இருந்த இடமெல்லாம் அதற்கு அடையாளம் தெரியவில்லை. சுற்றிச் சுற்றி வந்து தேவானையின் பாதத்தைத் தொட்டு, அவளுக்குப் பின்பக்கமாகப் போய்த் தேங்கி நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு அடி எடுத்துவைத்தாள், அதுவும் ஒரு அடி வந்தது. இன்னொரு அடி வைத்தாள். அதுவும் வந்தது.

"இன்னாய்யா மரமாட்டம் நிக்கிற" என்றாள். குரல் உடைந்தது. "அவங்களுக்கு வழி தெர்ல. எல்லாம் தெருவா கீதில்ல. நாமதான் முன்னால போவணும். நட."

எங்கே என்று நான் கேட்கவில்லை. மாடுகளைக்கூட மறந்துவிட்டேன். நடுப்பகலில், அந்தப் புதுத் தெருவின் நடுவில், அங்கமுத்துவும் சேர்ந்து, நாங்கள் மூன்று பேரும் நடந்தோம். மதில்களுக்கு மேலே தலைகள் முளைத்தன. பின்னால் சலசலவென்று பேச்சு மறுபடி தொடங்கியது. தேவானையின் தோளில் முகம் வைத்திருந்த என் மகள், கண்ணை இமைக்காமல், எங்கள் பின்னால் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.