ரெண்டேமுக்கால்

அப்பாவின் சக்கர நாற்காலியில் ஜீப்பின் டிரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டியை உட்கார வைத்து, மகள் அவருடைய கட்டிலை நோக்கித் தள்ளிக்கொண்டு போனாள்.

"சாகக் கெடக்கற மனுஷனுக்கு இரும்பைக் காட்டப் போறியாடி?" என்றாள் அம்மா.

"அவர்தாம்மா கேட்டாரு."

"கேப்பாரு. போர்வையில எண்ணெய் பட்டா நீதான் துவைக்கணும்."

இன்றைக்குத் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். எதிர்வீட்டம்மாள் ஜன்னலுக்கு வெளியே, கூட்டிய இடத்தையே மூன்றாம் முறையாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

தெரு அவரை ரெண்டேமுக்கால் என்றுதான் சொல்லும். மலைப்பாதை ஜீப் கட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. எஞ்சினின் பலத்தை முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற இந்தப் பெட்டிக்குள், செங்குத்தான பாதைக்கென்று ஒரு லோ கியர் உண்டு. எஞ்சின் பக்கம் இரண்டே முக்கால் சுற்று சுற்றினால் சக்கரத்தின் பக்கம் ஒரு சுற்று. நாற்பது வருஷமாக அவர் பட்டறையில் வேறு கணக்கு நுழைந்ததில்லை. இன்னும் மெதுவாக இறங்க நாலுக்கு ஒன்று கேட்டு வருகிறவனிடம், "அதுக்கு நடந்தே போயிடேன்" என்பார்.

மகள் போட்டிருந்தது நாலு. மாட்டு டாக்டருக்குக் கட்டுகிற வண்டி. அவர் போகிற பாறைப் பாதையில் அவளே ஒரு வண்டியை இறக்கிப் பார்த்திருந்தாள். ரெண்டேமுக்காலில் அது பிரேக்கையும் மீறி உருண்டது. அப்பாவிடம் மட்டும், "நீங்க சொன்னதுதான் போட்டிருக்கேன்" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தப் பொய்யோடு அவர் நிம்மதியாகப் போய்விட்டால் போதும் அவளுக்கு.

"சுத்து" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"எதுக்குப்பா? அதான் பாத்தாச்சில்ல."

"சுத்தும்மா."

சக்கரப் பக்கத்து போல்ட் ஒன்றின் மேல் விரலை வைத்துக்கொண்டார். அவள் மறுபக்கத்தைச் சுற்றினாள். ஒன்று. இரண்டு. இரண்டே முக்காலில் கை தானாக நின்றது. போல்ட் இன்னும் சுற்றி வந்து சேரவில்லை.

"ஏன் நின்னுட்ட?"

சுற்றினாள். மூன்று. நாலு. போல்ட் அவர் விரலடியில் வந்து நின்றது.

அம்மா தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் அங்கேயே இருந்தாள். வெளியே துடைப்பச் சத்தமும் நின்றிருந்தது.

"இறக்கத்துல ஓடிடுச்சா?" என்றார் அவர்.

"பிரேக்குக்கு நிக்கலப்பா."

"ம்." மூச்சு வாங்கியது. "நாலுன்னா முறுக்கு ஏறும். பெட்டியிலேர்ந்து பின்னாடி போற ஷாஃப்ட்டு தாங்காது. யோசிச்சியா?"

அவள் யோசித்திருக்கவில்லை.

"அந்த ஷாஃப்ட்டு ஜாயிண்ட்ட ஒரு சைஸ் பெருசா வாங்கு."

நாற்பது வருஷப் பிடிவாதத்தை ஒரு உதிரிபாகத்தின் அளவைச் சொல்லி இறக்கி வைத்துவிட்டார் மனிதர். "ஆனாலும் கெட்டிக்காரர்தான். தப்புன்னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வரலையே" என்று எதிர்வீட்டம்மாளே பிற்பாடு நாலு வீட்டில் மெச்சிக்கொண்டாள்.

சாயங்காலம் ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை, வாசலில் வாடகை நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருக்க, மகள் கூடத்தில் நின்று உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டாள். சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரருக்கு இன்னும் செய்தி எட்டவில்லை.

"ஒரு சைஸ் பெருசா? உங்க பட்டறைக்கா?" என்று சிரித்தார். "போனை அப்பாகிட்ட குடும்மா. அவர் வாயால கேட்டாத்தான் நான் அனுப்புவேன்."

எப்போதும் செய்கிற மாதிரி அவள் போனைக் காதிலிருந்து எடுத்து, அப்பாவின் அறைப் பக்கம் நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

"சொல்லுங்கண்ணே" என்றது போன்.