மறுகாலில் கட்டிய வலை

குற்றாலத்து ஆற்று அணை நிரம்பி வழிகிறது என்று கேட்டதுமே வேல்சாமி குளத்துக்கு ஓடினார். அந்த ஆற்றுத் தண்ணீர் வந்து, அவர் குத்தகைக்கு எடுத்த மேலக்குளம் நிரம்பி, உபரிநீர் வெளியேறும் மறுகால் பாய்ந்தால், வளர்த்த கட்லா மீனெல்லாம் மச்சினன் கொம்பையாவின் கீழக்குளத்துக்குப் போய்விடும். மறுகாலைத் தாண்டிய மீன் கீழக்குளத்துக்காரனுக்கு என்பது ஊர் வழக்கம்.

அவனுக்கா மீன் வளர்த்தோம் என்று மறுகாலின் குறுக்கே வலையைக் கட்டினார். மறுநாள் காலையில் வலை புடைத்துக்கொண்டு நின்றது. ஆசையாக இழுத்தார். குற்றாலத்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த துண்டு, ஜட்டி, சோப்பு டப்பா. மருந்துக்குக்கூட ஒரு மீன் இல்லை. துணி அடைத்ததில் தண்ணீர் வலைக்கு மேலே ஏறிப் பாய்ந்திருந்தது, மீன்களும் அதோடு போயிருந்தன.

கொம்பையா போன் செய்தான். "அத்தான், ஒங்க கட்லா பூரா இங்கன வந்துட்டு."

"வழக்கம் எனக்கும் தெரியும்லே. போனை வையி."

"அதுக்கில்ல அத்தான். நேத்து அருவியில குளிக்கயில திடீர்னு வெள்ளம் வந்து, கரையில வச்சிருந்த என் பட்டுவேட்டி போயிட்டு. பச்சை பார்டர். ஒங்க வலையில கெடக்கா?"

வேல்சாமி துணிக்குவியலைக் காலால் கிளறினார்.

"கெடக்கு" என்றார். "ஆனா அது மறுகாலைத் தாண்டலயேலே."